எடையொன்றே அளவாமோ?

மக்கள் உடம்பு ஒரு தன்மைத்தன்று. நெடியோரும் குறியோரும், பருத்தோரும் மெலிந்தோரும், தசை திரண்டோரும் கொழுப்பு மிக்கோரும் எனப் பலதிறப்பட்டவராய் நாம் ஒரு கூரையின்கீழ்ப் பயில்கின்றோம். இவ்வேறுபாட்டை மறந்து அனைவர்க்கும் ஒரே அளவினை விதிக்குங்கால் எத்துறையிலும் இடர் விளையும். அவ்வாறு இடர் விளைகின்ற துறையொன்றனைக் குறித்து எம் கருத்தினை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். திருநம்பியர் செய்துகொள்ளும் மார்பறுவை மருத்துவமே அத்துறையாகும். கல்லூரி மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவாரும் உளராகலாம். நம்மோடு ஒரே விசிப்பலகையில் அமர்ந்து பயில்வாருள் இம்மருத்துவத்தை நாடி நிற்போர் இருத்தல் கூடும். நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் விளங்கப் போவோரும் நம்முள் உளர். ஆதலின் இது நமக்குப் புறம்பான பொருளன்று.

பிறந்தபோது பெண்ணெனக் குறிக்கப்பெற்று, தம்மை ஆணென உணர்ந்து வாழ்பவரே திருநம்பியராவர். நம்பி, நங்கை என்னும் இணைச்சொற்கள் நம் இலக்கண நூலோர்க்குப் பழையன. அவற்றுக்குத் திரு என்னும் அடைகொடுத்துத் திருநம்பி, திருநங்கை என வழங்கும் வழக்கு நம் காலத்தது. திருநம்பியருட் பலர்க்கு, தம் மார்பு தம் உணர்வோடு மாறுபட்டு நிற்பது நாள்தோறும் உறுத்தும் துன்பமாகும். அத்துன்பம் நீங்க மார்பகங்களை அகற்றி ஆண்மார்பின் வடிவினை அமைத்துக்கொள்வர். இம்மருத்துவம் நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்திற் பிறந்த மைக்கேல் டில்லன் என்பார் 1940-களின் தொடக்கத்திற் பிரிஸ்டல் நகரில் இதனைச் செய்துகொண்டு, 1944-இல் தம் பிறப்புச் சான்றினையும் ஆணெனத் திருத்திக்கொண்டார். பின்னர் அவர் மருத்துவம் பயின்று மருத்துவருமாயினார். இறுதியிற் பௌத்தத் துறவு பூண்டு, 1962-இல் நம் நாட்டு டல்ஹௌசியில் உயிர் நீத்தார்.

இனி, உடம்பின் அமைப்புக்கும் இம்மருத்துவத்திற்கும் உள்ள தொடர்பினைக் காண்போம். மார்பகம் என்பது பாற்சுரப்பியும் கொழுப்பும் அவற்றைப் போர்த்த தோலும் சேர்ந்ததோர் அமைப்பு. இம்மூன்றனுள் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். உள்ளிருக்கும் சுரப்பியையும் கொழுப்பையும் அகற்றுதல் கைதேர்ந்த மருத்துவர்க்கு அரிதன்று. எஞ்சிய தோலை என்செய்வது, முலைக்காம்பினை எங்கு வைப்பது என்பனவே அரிய வினாக்கள். இன்று வழங்கும் அறுவை முறைகள் யாவும் இவ்விரு வினாக்களுக்குரிய விடைகளே எனலாம்.

அவற்றுள் முதலாவது சாவித்துளை முறை. காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பிற் சிறியதொரு கீறலிட்டு, அதன் வழியே உள்ளிருப்பதனை அகற்றிவிடுவர். தோல் வெட்டப்படுவதில்லை, தானே சுருங்கிப் படிதல் வேண்டும். தழும்பு மிகச் சிறிது. இரண்டாவது, கருவட்டத்தைச் சுற்றி வளையம்போலச் சிறிது தோலை நீக்கிச் சுருக்கித் தைப்பது. மூன்றாவது இரட்டைக் கீறல் முறை. இதில் மார்பின் கீழ்ப்புறத்தே இருபாலும் நீண்ட கீறலிட்டு, மிகையான தோலை வெட்டியெறிந்து, காம்பினைத் தனியே எடுத்துச் சிறிதாக்கி, உரிய இடத்தில் ஒட்டுவர். தட்டையான மார்பு கிடைப்பது இதன் நலம். நீண்ட தழும்பும், காம்பில் உணர்ச்சி பெரும்பாலும் குன்றுதலும், அரிதாக ஒட்டிய காம்பு பற்றாது போதலும் இதன் குறைகள். காம்பினை அடியிலுள்ள திசுவோடு சேர்த்தே இடமாற்றி, உணர்ச்சியை இயன்றவரை காக்கும் முறையும் உண்டு. ஆயின் அத்திசு உள்ளே எஞ்சுவதால் மார்பு சிறிது தடித்தே தோன்றும். எதனைப் பெறின் எதனை இழக்க நேரும் என்பது இங்ஙனம் முறைதோறும் மாறுவதாயிற்று.

இம்முறைகளுள் ஒருவர்க்கு எது தகும் என்பதனை அவர்தம் விருப்பம் மட்டும் முடிவு செய்வதன்று; உடம்பும் முடிவு செய்கின்றது. மார்பகம் சிறிதாய், தோல் இறுக்கமாய் இருப்பார்க்கே முதலிரு முறைகளும் பொருந்தும். மார்பகம் பெரிதாயினும் தோல் தளர்ந்து தொங்கினும் இரட்டைக் கீறலே ஏற்றது. எனவே மெலிந்தவர்க்கெல்லாம் சாவித்துளை, பருத்தவர்க்கெல்லாம் இரட்டைக் கீறல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. உடம்பு மெலிந்தும் சுரப்பி மிக்கோர் உளர். உடம்பு பருத்தும் மார்பகம் சிறியோர் உளர். வயது, மரபு, பல்லாண்டுகள் கச்சினால் இறுக்கிக் கட்டியமை ஆகியவற்றாலும் தோலின் நெகிழ்ச்சி மாறுபடும். எடைப்பொறி இவற்றுள் ஒன்றனையும் காட்டமாட்டாது. மருத்துவரின் கண்ணும் கையுமே காட்டும்.

பருத்த உடம்பில் வேறு சில நுட்பங்களும் உள. கொழுப்பு மார்பின் எல்லையோடு நில்லாது அக்குளின்கீழ் முதுகுவரை மடிப்பாகச் செல்லும். கீறல் மார்போடு நின்றுவிடின் அதன் முனையில் தோல் துருத்திக்கொண்டு நிற்கும். மருத்துவர் இதனை நாய்க்காது என வேடிக்கையாக வழங்குவர். அது நேராவண்ணம் கீறலைப் பக்கவாட்டில் நீட்டலாம்; கொழுப்பினைக் குழாய்வழி உறிஞ்சியெடுக்கலாம்; சின்னாள் கழித்துச் சிறியதொரு திருத்தமும் செய்யலாம். மற்றொன்றும் நோக்கத்தக்கது. பருத்த ஆண்மகனின் மார்பு பலகைபோல் தட்டையாயிருப்பதில்லை. வயிறு முன்தள்ளியிருப்பார்க்கு மார்பை அறவே வழித்தெடுத்தால் அது குழிந்து தோன்றி, பொருந்தா வடிவாகும். ஆதலின் அவ்வுடம்புக்கு இசைந்த அளவு கொழுப்பினை விட்டுவைப்பதே தேர்ந்த மருத்துவரின் திறம். சிற்பியின் சிலைக்குரிய மார்பன்று, அவ்வாளுக்குரிய மார்பே நாடத்தக்கது.

"அங்ஙனமாயின் உடம்பை இளைத்துக்கொண்டு வரின் எல்லாம் எளிதாகுமன்றோ?" எனச் சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை ஒரு பகுதியே உளது. உடம்பு இளைக்குங்கால் மார்பகத்துக் கொழுப்பும் ஓரளவு குறையும். சுரப்பி அவ்வாறு கரைந்துவிடுவதன்று. விரிந்த தோல் முன்னைய அளவுக்கு மீள்வதும் அரிது. பேரளவாக இளைத்தவர்க்குத் தோல் முன்னினும் தொங்கி, சிறுகீறல் முறை மேலும் எட்டாததாகிவிடுதலும் உண்டு. எனவே எடையைக் குறைத்தால் தழும்பும் குறையும் என்று ஒருவர்க்கு வாக்களித்தல் முறையன்று. எடை பெரிதும் மாறப்போகின்றதெனின், மாற்றம் நின்று நிலைத்த பின்னர் அறுவை செய்துகொள்வது வடிவுக்கு நன்று என்பது வேறு செய்தி. அது அறிவுரை, தடையன்று. நெஞ்சுத்தசையைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்வதும் பயன் தருவதே. தழும்பினை அத்தசையின் கீழ்விளிம்பின் நிழலில் அமைக்க அது வழிகாட்டும். டெஸ்டோஸ்டிரோன் மருந்து கொள்வார்க்கோ தசை பெருகும். அதனால் எடையும் ஏறுதல் கூடும். ஆணுடம்பை அளிக்கும் மருந்தே எடைப்பொறியில் அவரைப் பருத்தவராக்கிக் காட்டுகின்றது!

நிற்க. இத்துணை நுட்பங்கள் இருக்கவும், பலவிடங்களில் திருநம்பியரை முதற்கண் எதிர்கொள்வது ஓர் எண்ணே. அதுதான் பி. எம். ஐ. எனப்படும் உடல்நிறைக் குறியீட்டெண். கிலோகிராமிற் கண்ட எடையை, மீட்டரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது அது. சில மருத்துவர் 30 எனவும், சிலர் 35 எனவும், சிலர் 40 எனவும் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டாரை ஏற்பதில்லை. ஒரே உடம்பு ஓரிடத்தில் ஏற்கப்பட்டு மற்றோரிடத்தில் மறுக்கப்படுவது இதனால் நேர்கின்றது. கணக்கிட்டுப் பார்ப்போம். 165 சென்டிமீட்டர் உயரமுடைய ஒருவர் 81 கிலோ எடையுடையராயின் அவர்தம் எண் 29.8, 82 கிலோவாயின் 30.1. 30 என்னும் எல்லை வகுத்த மருத்துவர்பால் முன்னவர்க்குக் கதவு திறக்கும், பின்னவர்க்கு அடைபடும். இருவர்க்கும் இடையே நிற்பது ஒரு கிலோ. ஒருநாள் உண்டியும் நீரும் அவ்வளவு எடையை ஏற்றியிறக்க வல்லன.

இவ்வெண்ணின் பிறப்பினை அறிந்தார் அதற்கு இத்துணை அதிகாரம் அளிக்கத் தயங்குவர். 1830-களில் இதன் அடிப்படையை வகுத்தவர் பெல்ஜிய நாட்டு அடோல்ஃப் கெட்டலே. அவர் மருத்துவரல்லர், வானநூலும் புள்ளியியலும் வல்லவர். மக்கள் கூட்டத்தின் சராசரியைக் காண்பதே அவர்தம் நோக்கம். நோயாளி ஒருவரை எடைபோட்டுத் தீர்ப்பளிப்பதன்று. இப்பொழுது வழங்கும் பெயரை 1972-இல் இட்டவர் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர். அவரும் மக்கட்டொகுதியின் ஆய்வையே கருதினார். எடையுள் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு எங்கே தங்கியுள்ளது என்பவற்றை இவ்வெண் சொல்வதில்லை. ஆசிய மக்களுக்கு இவ்வெல்லைகள் முழுதும் பொருந்தாமையை 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவே எடுத்துக்காட்டிற்று. 2023-இல் அமெரிக்க மருத்துவர் சங்கமும், தனியொருவரை அளக்க இவ்வெண் மட்டும் போதாது என ஏற்றுக்கொண்டது. ஆடை தைப்பவர்கூடத் தோள், மார்பு, இடை, கை எனத் தனித்தனியே அளந்தன்றோ துணியில் கத்தரி வைக்கின்றார்? எடையை மட்டும் கேட்டுச் சட்டை தைப்பாரிடம் நாம் துணி கொடோம்.

மறுப்போர் கூற்றினையும் நேர்மையோடு நோக்குதல் நம் கடன். பருத்த உடம்பில் மயக்க மருந்து கொடுத்தலும் மூச்சினைக் காத்தலும் கடினம். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் மறைந்திருத்தல் கூடும். புண்ணிற் கிருமி பற்றுதலும், நீர் தேங்குதலும், தழும்பு மெல்ல ஆறுதலும் மிகுதல் உண்டு. பின்னொரு திருத்தம் வேண்டப்படுதலும் மிகுதி. இவை கற்பனையல்ல. மருத்துவர் இவற்றை அஞ்சுவது தம் நோயாளிபாற் கொண்ட பரிவினால் என்பதனையும் யாம் மறுக்கவில்லை. எனினும் மூன்று செய்திகளை அவர்முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, இடர் என்பது சரிவான மேடுபோல மெல்ல ஏறுவது. 30-இலோ 35-இலோ திடுமென எழும் மதிலன்று. அன்றியும் மேற்கூறிய குறைகளுட் பெரும்பாலன மருந்தாலும் கட்டாலும் சிறு திருத்தத்தாலும் தீர்வன. புகைபிடித்தல் புண் ஆறுதலைக் கெடுத்து, ஒட்டிய காம்பின் குருதியோட்டத்தையும் தடுக்கும். கட்டுக்கடங்காத நீரிழிவும் அத்தகையதே. எடையெண் குறைந்த ஒருவர் புகைபிடிப்பவராயும், எண் மிகுந்த ஒருவர் நாள்தோறும் நடந்து நலத்தோடு வாழ்பவராயும் இருத்தல் கூடும். எண்ணை மட்டும் நோக்கின் முன்னவர் இடரற்றவராகவும் பின்னவர் இடர் மிக்கவராகவும் தோன்றுவர்.

இரண்டாவது, மார்பகம் மிகப் பெருத்து முதுகும் தோளும் நோகும் பெண்டிர்க்கு அதனைச் சிறிதாக்கும் அறுவை நெடுங்காலமாகச் செய்யப்படுகின்றது. அவருட் பலர் உடம்பும் பருத்தவரே. அவர்தம் இடரை எடுத்துரைத்து, தக்க காப்புக்களோடு அறுவை செய்வார் உளர். அதே தோலும் அதே கொழுப்பும் அதே மயக்க மருந்தும் உள்ள திருநம்பிக்கு மட்டும் ஓர் எண்ணைக் காட்டிக் கதவடைப்பின், அதற்குக் காரணம் கூறும் கடன் மறுப்போர்க்கே உரியது.

மூன்றாவது, சில எல்லைகள் உண்மையில் நோயாளியைப் பற்றியன அல்ல, கட்டடத்தைப் பற்றியன. அன்றே வந்து அன்றே செல்லும் சிறு அறுவை நிலையங்களில் தீவிர சிகிச்சைப் பகுதி இராது. அங்கே இடர்மிக்காரை ஏற்காமை அறிவுடைமையே. ஆயின், "இந்நிலையத்தில் உமக்குச் செய்ய வசதியில்லை, வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு மடல் தருகின்றோம்" என்று சொல்வதற்கும், "உம் உடம்பு இதற்குத் தகுதியற்றது, இளைத்துவிட்டு வாரும்" என்று சொல்வதற்கும் எத்துணை வேறுபாடு! முன்னது வழிகாட்டுவது, பின்னது மனமொடியச் செய்வது.

அங்ஙனம் இளைத்து வருமாறு பணிக்கப்பட்டவர் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போமாக. மற்றொரு கல்லூரியிற் பயிலும் எம் நண்பர் ஒருவர், ஆறு திங்களில் 12 கிலோ குறைத்து வருமாறு மருத்துவமனையொன்றிற் சொல்லப்பட்டார். அவர் மூன்றாண்டுகளாக மார்பினை இறுக்கும் கச்சினை அணிகின்றார். அக்கச்சோடு ஓடினால் மூச்சு முட்டுகின்றது. அதனைக் களைந்துவிட்டு விளையாட்டு மைதானத்திற்குச் செல்ல அவர் மனம் ஒருப்படுவதில்லை. நீந்துதலோ எண்ணிப் பார்க்கவும் இயலாதது. உடற்பயிற்சியைத் தடுப்பது மார்பு. மார்பை நீக்க வேண்டுவது உடற்பயிற்சி. தலையும் வாலும் காணாத இவ்வளையத்தில் நின்று அவர் உணவைக் குறைத்தார். குறைத்துக் குறைத்து ஒருநாள் தேர்வுக்கூடத்தில் மயங்கிச் சாய்ந்தார். பட்டினியால் இளைத்த உடம்பிற் புண் ஆறுவதும் அரிது என்பதனை அவர்க்கு எடுத்துரைப்பார் அன்று ஒருவரும் இலர். திருநம்பியர், திருநங்கையரிடையே உணவு பற்றிய மனநோய்கள் ஏனையோரினும் மிகுதியாகக் காணப்படுகின்றன என மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. அத்தகையாரிடம் துணையொன்றும் தாராது எடையைக் குறை என்னும் கட்டளையை மட்டும் கொடுத்தனுப்புதல் ஆபத்தாகும். மறுப்பதனால் இடரில்லை என்று எண்ணுவார் இவ்விடரைத் தம் கணக்கிற் சேர்ப்பதில்லை.

ஆதலின் யாம் வேண்டுவன சிலவே. எடையெண் ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக இருக்கட்டும். தீர்ப்பாக இருத்தல் வேண்டா. தோல், சுரப்பி, கொழுப்பு, தசை, குருதி, மூச்சு, புகைப்பழக்கம் ஆகியவற்றை நேரிற் கண்டு, ஒவ்வொரு முறையிலும் அவர் பெறுவதும் இழப்பதும் இவையெனத் தெளிய உரைத்தல் மருத்துவர் கடன். மெய்யாகவே எடை குறைதல் வேண்டுமெனின், எவ்வளவு, எதன்பொருட்டு, எந்நாளுக்குள் என்பதனைக் கூறி, உணவியல் வல்லாரின் துணையையும் நாட்குறிப்பையும் கையில் தருதல் வேண்டும். தம்மால் இயலாதெனின் இயலுவார் யாரெனக் காட்டுதல் வேண்டும். திருநம்பியரும் தம் பங்கினை ஆற்றுதல் தகும். ஏனையோர் மார்பைப் படத்திற் கண்டு அதுவே வேண்டுமென அவாவாது, தம் உடம்பினைப் போன்ற உடம்பு பெற்றவர் அடைந்த பயனைக் கேட்டறிக, புகையை விடுக, நோய்களை மறையாது உரைக்க, இருவேறு மருத்துவர் கருத்தினைக் கேட்டுத் துணிக.

நம் போன்ற மாணவர்க்கும் இதில் ஒரு கடன் உண்டு. விடுதியிலும் உணவுக்கூடத்திலும் ஒருவர்தம் பருமையை நகையாடுதல் நம்மிடைச் சிறு குற்றமாகவும் எண்ணப்படுவதில்லை. உடம்பால் ஏற்கெனவே வருந்தும் ஒருவர்க்கு அந்நகை எத்தகைய காயத்தை விளைக்கும் என்பதனை நாம் உணர்ந்தோமல்லேம். அதனை விடுத்தல் இன்றே இயலும். அதற்கு அரசாணையும் வேண்டா, மருத்துவப் பட்டமும் வேண்டா.

யாம் தமிழ் பயில்வோமேயன்றி மருத்துவம் பயில்வோமல்லேம். எனினும் யாம் பயிலும் திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உளது. நோயாளியின் நிலை, நோயின் தன்மை, காலம் ஆகிய மூன்றனையும் எண்ணியே மருத்துவம் செய்யுமாறு வள்ளுவர் அதன்கண் பணிக்கின்றார். நோயாளியை முன்னிறுத்திய அம்முறையே இன்றும் மருத்துவத்திற்குச் சிறப்பு. திருநம்பி ஒருவர் மருத்துவர்முன் அமருங்கால், எடைப்பொறி கூறுவதனையும் மருத்துவர் கேட்கட்டும். ஆயின் அதனோடு நில்லாது, அங்கு அமர்ந்திருப்பவர் கூறுவதனையும் கேட்டு, அவர்தம் உடம்பைக் கண்டு முடிவு செய்க என்பதே எம் வேண்டுகோள்.